கடைசி இருக்கை

வண்டி நின்றதும் இறங்கிவிட முடியாது எனக்கு.
இருக்கைகளெல்லாம் முடிகிற இடத்தில்
ஒரு சிவப்புப் பொத்தான்.
நடந்துபோய் அதை அமுக்கும்வரை
பஸ் அலறிக்கொண்டே இருக்கும்.
குனிந்து குனிந்து பார்த்தபடி போவேன்:
ஒற்றை ஷூ, பாதி கடித்த கேக்,
யாரோ உதிர்த்த பால்பல் ஒன்றுகூட, ஒருமுறை.

ஜூன். அபு ஷகாராவில் காலை ஏழுக்கே
கண்ணாடியெல்லாம் வேர்த்து வழிகிறது.
பூட்டிய பஸ்ஸில் ஒரு பிள்ளை தூங்கிப்போனால் என்னவென்று
பயிற்சி வகுப்பில் ஒரு வெப்பமானியைக் காட்டினார்கள்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
அன்று வீட்டுக்கு வந்து
சோற்றைப் போட்டு, அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

டிரைவர் குல் ஸமான் பெஷாவர்க்காரர்.
நான் நடந்து முடித்ததும் அவர் ஒருமுறை நடப்பார்.
என்மேல் நம்பிக்கையில்லையா என்று
முதல் வாரம் நான் முகம் கொடுக்கவில்லை.
இப்போது அவர் நடக்காத நாளில்
எனக்குத்தான் கை ஓடாது, கால் ஓடாது.

ஆனால் பொத்தான் பஸ்ஸுக்கு மட்டும்தானே.

பதினொன்றாம் வகுப்பு அகிலன்
நான்காம் நம்பர் கட்டடத்தில் இறங்குவான்.
கை காட்டுவான். என் கணக்கு அங்கே சரியாகிவிடும்.
அதன்பின்
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
படிக்கட்டில் இரவு பத்துவரை உட்கார்ந்திருக்கிறான் என்று
வாட்ச்மேன் மொஃபிஸுல் சொல்லித்தான் தெரியும்.
ஒரு ஃபிளாட்டில் மூன்று குடும்பம்; நடுவே பிளைவுட்.
அம்மா தேன்மொழி ஸலூனில் முடி கூட்டிவிட்டு வர பத்தரை.
அப்பா ருவைஸ் கேம்ப்பில், மாதம் ஒரு வெள்ளி.

பக்காலா அப்துல்லா பற்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்:
நாளைக்கு நான்கு எனர்ஜி டின்.
பள்ளி நர்ஸ் ரொவேனா தன் நெஞ்சில் விரலால் தட்டிக் காட்டினார்,
தாளம் தப்பித் தப்பி.
ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது.
சேர்த்துவைக்கத்தான் ஆளில்லை.

கூட்டமெல்லாம் போடவில்லை.
மூன்றாம் மாடிப் பல் டாக்டர் ஹனான், எகிப்துக்காரர்,
மாலை ஆறுக்கு கிளினிக்கை மூடும்போது
காத்திருப்பு அறையை மட்டும் திறந்தே விட்டுப் போனார்.
ஏசி ஓடட்டும், மீனுக்கு யாரும் தீனி போடாதீர்கள் என்றார்.
சாவி மொஃபிஸுலிடம்.
அப்துல்லா டின்களை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு லபன் நீட்டினார்.
"இதைக் குடி. நோட்டில் எழுத மாட்டேன்."

தேன்மொழியிடம் யார் சொல்வது?
நான் போனேன்.
"எம்புள்ளைய நான் பாக்கலையா?" என்று கத்தினாள்.
பிறகு கைப்பையில் ஒட்டியிருந்த
யாருடையதோ முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே
அழுதாள்.

இப்போது ஒன்பது பிள்ளைகள் அங்கே.
போனில் ஒரு குழு.
போன வருஷம் தொட்டி வற்றியபோது தொடங்கியது;
பெயர் இன்னும் "தண்ணீர் வரவில்லை".
அதில்தான் வந்து விழும், ஆளுக்கொரு பாஷையில்:
ஏறிட்டான். இறங்கிட்டான். சாப்பிட்டான். சாப்பிடலை.

செவ்வாய் இரவு எட்டுப் பேர் வீடு சேர்ந்தாயிற்று.
அகிலனைக் காணவில்லை.
மொஃபிஸுல் மொட்டைமாடிக்கு ஓடினார்.
எதிர்க் கட்டடத்திலிருந்து இறங்கி வந்த குல் ஸமான்
பார்க்கிங்கில் ஒவ்வொரு காரின் அடியிலும் டார்ச் அடித்தார்.
தேன்மொழி டாக்ஸியில் வந்துகொண்டிருந்தாள்,
போனை வைக்காமல், பேசாமல்.
நான் காத்திருப்பு அறைக்குள் போய்
பழக்கத்தில் நடந்தேன்.
முதல் நாற்காலி. அடுத்தது.
கடைசி வரிசையில் குனிந்தேன்.
கணக்குப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான்,
வாயோரம் லபன் வெள்ளையாய்க் காய்ந்து.

இங்கே அமுக்கப் பொத்தான் இல்லை.
போனைக் காதில் வைத்து "இருக்கான்" என்றேன்.
மறுமுனையில் மூச்சு மட்டும்.
யாரோ ஹாரன் அடித்தார்கள்.

சற்றுக் கழித்து குல் ஸமான் வந்தார்.
அவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.
இருந்தும் அவர் ஒருமுறை நடந்தார்,
முதல் நாற்காலியிலிருந்து,
குனிந்து குனிந்து,
மீன்தொட்டி வரை.